ரெண்டும்தாம்மா

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் ஜீப்பில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அன்றைக்கு டிரைவர், "கொழந்த வெச்சிருக்கவங்களும் வயசானவங்களும் முன்னாடி குந்துங்க, மத்தவங்க பின்னாடி" என்றார். சாமை மூட்டையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஏறாமல் அவரையே பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டும் இருக்கணுமாண்ணா, ஒண்ணு இருந்தா போதுமா?"

"இன்னாம்மா?"

"கொழந்தயும் வெச்சிருந்து வயசும் ஆயிருக்கணுமா? இல்ல, ஏதாவது ஒண்ணா?"

"உனுக்கு ரெண்டும் இல்ல. பின்னாடி ஏறு."

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதுபோல் பின்னால் ஏறி, மூட்டையைக் காலடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். நான் அவளை முதலில் பார்த்தது அப்படித்தான்.

பெயரை எழுதப் போவதில்லை. ஒரு தடவை நான் அந்தப் பெயரைச் சொல்லி அவளுக்கு ஆனது போதும். மலையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, 'ஒண்ணுபோதுமா'. அதையே வைத்துக்கொள்ளலாம்.

நான் கண்ணமங்கலத்துக்காரன். மலைமேல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். திங்கட்கிழமை ஏறினால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவேன். பள்ளிக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் அவளும் அவள் அப்பாவும் இருந்தார்கள். அம்மா இல்லை. கொஞ்சம் சாமை நிலம், நாலு புளியமரம், ஒரு பலா. திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, ஓசூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "எங்க வூட்ல இருக்கணும் சார், அவ்ளோதான்" என்பாள்.

அவளுக்கு ஒரு வியாதி. யாராவது ஒரே பேச்சில் இரண்டு விஷயம் சொன்னால் அதை அப்படியே விடமாட்டாள். இரண்டும் சேர்ந்தா, ஒன்று போதுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நகர்வாள்.

அடிவாரத்திலிருந்து புளி எடுக்க வருகிற வியாபாரி ஒருவர், "காஞ்ச புளியும் கொட்ட எடுத்த புளியும் எடுத்துக்கறேன்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். இவள் மட்டும், "காஞ்சிருக்குது, ஆனா கொட்ட எடுக்கல. அத எடுத்துப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் வண்டி கிளப்பும் அவசரத்தில், "எடுத்துக்கறேம்மா, எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்து கொட்டையோடு இருந்த புளியைத் தள்ளி வைத்தார். இவள் முன்னால் போய், அவர் எங்கே நின்றார், என்ன கலர் சட்டை போட்டிருந்தார், எந்த வார்த்தையில் சொன்னார் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். மனிதர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். ஊருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எல்லாரும் கொஞ்சம் யோசித்தார்கள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்த மாமா ஒருவர், "குடியும் சூதும் இல்லாத பையன்" என்று சொன்னாராம். "ரெண்டும் சேர்ந்து இல்லயா மாமா, ரெண்டுல ஒண்ணுகூட இல்லயா?" என்று இவள் கேட்க, மாமா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாராம். பையன் சீட்டுக்கட்டைத் தொடமாட்டான் என்பது மட்டும் சத்தியம். இதை எனக்குச் சொன்னவர் அவள் அப்பா. சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எம்பொண்ணுகிட்ட வார்த்த வுட முடியாது சார்" என்றார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

எங்கள் பள்ளிக்குப் பத்துக் கம்ப்யூட்டர் வந்து பெட்டி பிரிக்காமல் கிடந்தன. தற்காலிகமாக ஒரு கணினி ஆசிரியரைப் போட்டுக்கொள்ளலாம், தலைமை ஆசிரியை எழுதி அனுப்பினால் போதும் என்று பேச்சு வந்தது. இவளுக்கு அந்த வேலை மேல் உயிர். வேலை வருவதற்கு முன்பே சம்பளம் இல்லாமல் வந்து, பத்தையும் பிரித்து மாட்டி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். மலையை விட்டுப் போகாமல் இருக்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். எங்களுக்கும் அது தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள், ஓசூரில் என்ன வேலை என்று கேட்டேன்.

"பாட் எழுதறது சார். ஷேர் வாங்கி விக்கறதுக்கு மனுஷனுக்கு பதிலா ஒரு புரோகிராம். வெல இப்டி ஆனா வாங்கு, அப்டி ஆனா வித்துடுன்னு நாம நிபந்தன எழுதிக் குடுக்கணும். அது எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல ஓடிக்கினே இருக்கும்."

"கஷ்டமா?"

"நிபந்தனய கட்டறதுக்கு மூணே வார்த்த சார். அண்ட், ஆர், நாட். அண்ட் போட்டா ரெண்டும் நடந்திருக்கணும். ஆர் போட்டா ஒண்ணு நடந்தா போதும். நாட் போட்டா நடந்திருக்கக் கூடாது. எல்லாரும் கவுந்துபோறது இந்த மூணுலதான்."

இது போதாதா எனக்கு? "மூணு என்ன, தமிழ்ல 'உம்' ஒண்ணுக்கே எட்டுப் பொருள் இருக்கு" என்று ஆரம்பித்தேன். 'இட்லியும் தோசையும்' என்றால் எண்ணும்மை. 'ரெண்டும்' என்றால் முற்றும்மை, ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். 'அவனும் வந்தான்' என்றால் எச்சவும்மை, வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறான். 'வந்தாலும் வருவான்' என்றால் ஐயம். எட்டையும் சொல்லி முடித்துவிட்டு, மெச்சுவாள் என்று பார்த்தேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டுக் கவலையோடு நிமிர்ந்தாள்.

"எட்டு வெச்சிக்கினு எப்டி சார் பேசிக்கறோம்?"

"இடம் பாத்து புரிஞ்சிப்போம்மா."

"அந்த பாட் புரோகிராமுக்கு எடம் தெரியாது சார். அது சொன்னத செய்யும், நெனச்சத செய்யாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ட்டும் ஆரும் ஒரே வரில வந்தா எது எதோட சேருதுன்னு அடைப்புக்குறி போட்டுடுவோம். பேச்சுல அடைப்புக்குறி இல்லயே, அதான் கேட்டுக்கினே இருக்கேன்" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் வியாதி எனக்குப் புரிந்தது. அவளைப் பிடித்தும் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம்.

ஆசை யாரை விட்டது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு உத்தி கண்டுபிடித்து வைத்திருந்தேன். அரசுச் சம்பளம் வாங்குகிறவன் தினமும் ஷேர் வாங்கி விற்கக் கூடாது என்று விதி இருப்பதால் கணக்கு என் மனைவி பெயரில். அறிவியல் ஆசிரியர் பணம் போட்டுச் சேர்ந்துகொண்டார். தலைமை ஆசிரியையும், "வெளிய தெரியக் கூடாது சார்" என்று சொல்லிக்கொண்டே சேர்ந்தார். அதற்கு பாட் எழுத ஆள் தேடி எங்கே போவது? பக்கத்திலேயே இருக்கிறாளே.

"நஷ்டமும் வரும் சார்" என்றாள் முதலிலேயே. "நீங்க சொல்லிக்குடுத்த எச்ச உம்மதான்." அவள் என்னைக் கிண்டல் செய்த ஒரே தடவை அதுதான். நான் பெரிய மனுஷத் தோரணையில், காலையில் விலை இறங்குவதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, பயந்தவன் வாழ்ந்ததில்லை என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். அதையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வாங்குவதற்கான நிபந்தனைகளை முறையாக உட்கார்ந்து எழுதினோம். விற்பதற்கானதுதான் பாக்கி. அதைச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டே, "ரெண்டு பர்சென்ட் எறங்குனாலும், மணி மூணு ஆனாலும் வித்துடணும்மா" என்றேன்.

கூடவே நடந்து வந்தாள். "சார், எறங்கறது ஒண்ணு, மணி மூணு ஆவறது ஒண்ணு. ரெண்டுமா, ஏதாவது ஒண்ணா?"

எதிரே ஹாரன், பக்கத்தில் இவள். எரிச்சலாக வந்தது. இரண்டையும் எழுது, ஒன்றை விட்டுவிடாதே என்ற நினைப்பில், "ரெண்டும்தாம்மா, ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

மலைப்பாதை தாண்டி போனில் சிக்னல் வந்ததும் அவளிடமிருந்து செய்தி வந்து கிடந்தது. 'ரெண்டு பர்சென்ட் எறங்கியும் இருக்கணும், மணி மூணும் ஆயிருக்கணும். ரெண்டும் சேர்ந்தா மட்டும் விக்கும். சரியா சார்?' பஸ்ஸில் நின்றுகொண்டே அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும், படித்தேன் என்று சொல்ல முடியாது. கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

முதல் நாலு நாள் விலை ஏறிக்கொண்டே போனது. மூன்று மணிக்கு விற்றிருக்க வேண்டும், விற்கவில்லை. அதை நான் கவனித்தேன். லாபம் கூடிக்கொண்டு போனதால் வாயைத் திறக்கவில்லை. நஷ்டம் வந்திருந்தால் அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் காலையிலிருந்தே இறங்கியது. இரண்டு பர்சென்ட் முதல் மணி நேரத்திலேயே போய்விட்டது. பாட் விற்கவில்லை, மணி இன்னும் மூன்றாகவில்லையே. நான் ஒன்பதாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். மதியம் முழுக்கச் சரிந்து, மூன்று மணி அடித்ததும் இரண்டு நிபந்தனையும் நிறைவேறி, இருந்ததிலேயே கீழ் விலையில் சுத்தமாக விற்று முடித்தது. எவ்வளவு போனது என்பது இங்கே வேண்டாம். எங்கள் வீட்டு மாடிப்படி இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

அறிவியல் ஆசிரியர் என்னிடம் வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே என் வாயிலிருந்து அவள் பெயர் வந்துவிட்டது. "அவதான் தப்பா எழுதிட்டா" என்றேன். அப்போது செய்தி, கட்டைவிரல் எதுவும் என் நினைவில் இல்லை. இதை நீங்கள் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ராத்திரிக்குள் நினைவு வந்துவிட்டது. போனை எடுத்து அந்தச் செய்தியைப் படித்தேன், இந்தத் தடவை நிஜமாகவே படித்தேன். படித்துவிட்டு என் போனிலிருந்து அழித்தேன்.

மறுநாள் தலைமை ஆசிரியையின் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் நின்றுகொண்டிருந்தாள். போன் அவள் கையிலேயே இருந்தது.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்ட? சார் சொன்னத எழுதலயா நீ?" என்றார் தலைமை ஆசிரியை.

"சார் சொன்னதத்தான் எழுதுனேன் மேடம். அவர் நெனச்சது வேற போல."

தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். ரெண்டும் சேர்ந்தாதான் விக்கணும்னு சொன்னீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயமோ கெஞ்சலோ இல்லை. ஜீப் டிரைவரின் பதிலுக்குக் காத்திருந்த அதே முகம்தான்.

"எறங்குனாலும், மூணு ஆனாலும்னு சொன்னேன் மேடம்" என்றேன். "தமிழ் தெரிஞ்ச யாருக்கும் அது புரியும்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்படிச் சொன்னது நிஜம். தமிழ் தெரிந்தவருக்குப் புரியும் என்பதும் நிஜம். இருபது வருடம் தமிழ் நடத்தியவன் தன் தமிழை வைத்துச் செய்த உருப்படியான காரியம், மலைக்காரப் பெண் ஒருத்தியை அவள் மொழியே தெரியாதவளாக ஆக்கியதுதான். அவள் போனைத் தூக்கிக் காட்டுவாள், என் மானம் போகப் போகிறது என்று காத்திருந்தேன். அவள், "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கணினி ஆசிரியருக்கான கடிதத்தில் வேறு பெயர் எழுதப்பட்டது.

அவள் தப்பாக எழுதிப் பணம் போனது என்று ஊருக்குள் பேச்சு பரவியிருந்தது. இரண்டு நாள் கழித்து அவள் அப்பா என் அறைக்கு வந்தார். தோளில் ஒரு பலாப்பழம். இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கும்பிட்டார். "படிச்ச பொண்ணு தப்பு பண்ணிட்ச்சி சார். பெரியவங்க, மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். நான், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, விடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். பழத்தைக் கண்ணமங்கலத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மனைவியும் பிள்ளைகளும் தேனாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். நானும் தின்றேன்.

அந்த வாரமே அவள் ஓசூருக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கும் வரவில்லை என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

கடிதத்தில் பெயர் எழுதப்பட்ட ஆள் சமவெளிக்காரர். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டிவிட்டுப் போய்விட்டார். தலைமை ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது பொறுப்பு என்னிடம். போன மாதம் கணினி ஆசிரியருக்குப் பெயர் எழுதி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அவள் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன்.

"நல்லா இருக்கீங்களா சார்?" என்றாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"அன்னிக்கு போன் உன் கைலதானம்மா இருந்துச்சு. ஏன் காட்டல?"

"மேடம் கேட்டது உங்களத்தான சார். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

 அவளே தொடர்ந்தாள். "வர்றேன் சார். ஆனா நீங்க மேடத்துகிட்டயும் சொல்லணும், எங்கப்பாகிட்டயும் சொல்லணும். ரெண்டும். ஒண்ணு மட்டும் பத்தாது."

தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டுச் சொல்வதற்கு மூன்று நாள் ஆயிற்று. நடந்ததை முழுக்கச் சொன்னேன். கட்டைவிரலையும் சொன்னேன், அழித்ததையும் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் அன்னிக்கே அப்டித்தான் நெனச்சேன் சார்" என்றார். "அந்தப் பொண்ணு கேக்காம எழுதற ஆளா? உங்க மொகத்துலயே தெரிஞ்சிது."

"அப்புறம் ஏன் மேடம்..."

"நீங்களே சொல்லல. நான் எதுக்கு சார் கிளறணும்? எம்பணமும் இல்ல போச்சு? அந்தக் கோவம் எனக்கு."

அவளுடைய அப்பா வீடு பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க எனக்குப் பத்து நாள் பிடித்தது. தினமும் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு பள்ளி வாசல் வழியாகப் போகும்போது, "வணக்கம் சார்" என்பார். நானும் வணக்கம் சொல்வேன். அதற்கு மேல் நாக்கு எழாது.

நேற்று முன்தினம் மதிய இடைவேளையில் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னா சார் இம்மாந்தூரம்? அவ மேல இன்னும் கோவம் இருக்குதா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தப்பு அவ மேல இல்லீங்க" என்றேன். "எம்மேலதான். அவ எங்கிட்ட ரெண்டு தடவ கேட்டா, நேர்லயும் கேட்டா, போன்லயும் எழுதிக் கேட்டா. நான்தான் சரின்னேன். அத மறச்சிட்டு அவ மேல பழிய போட்டேன்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாட், ஷேர் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்டா, சரின்னேன், மறச்சிட்டேன் என்ற மூன்றும் தெரியும். எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் தன் வலது கையைப் பார்த்தார்.

"அடிச்சிட்டனே சார்" என்றார். "பெரிய பொண்ண கை நீட்டி அடிச்சிட்டனே. ஊர்ல தல காட்ட முடியல, படிக்கவெச்சது இதுக்கான்னு கேட்டு அடிச்சேன். அவ அம்மா செத்தப்புறம் ஒரு அடி அடிச்சதில்ல சார் நான். நான் பண்ணல அப்பான்னு ஒரு வார்த்த சொன்னா. அதுக்கும் ஒண்ணு வெச்சேன்."

பிறகு, "போன் போடுங்க" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நான் பேச எழுந்தேன், அவர் போனை விடவில்லை. என் எண்ணைப் பார்த்து எடுத்தவள் அந்தப் பக்கத்திலிருந்து, "சார்? சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.